நன்றியுரையும் ஒரு பாயிரமே

கலைவிழாக்களில் இறுதியாக இடம்பெறுவது நன்றியுரை. அவையினர் மிகக் குறைந்த கவனத்தோடு கேட்பதும் அதுவே. நன்றி கூறுபவர் ஒலிவாங்கியை அணுகும்போதே பின்வரிசையில் நாற்காலிகள் நகரும். செருப்புத் தேடும் ஓசை எழும். உறங்கிவிட்ட பிள்ளைகளைத் தாய்மார் தோளில் ஏற்றுவர். ஆடலையும் பாடலையும் நாடகத்தையும் பற்றி விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். நன்றியுரையை எவரேனும் விமர்சித்ததாக நான் அறியேன். அதனை ஒரு சடங்காகக் கருதிக் கடந்து செல்கின்றோம். ஆயினும், ஒரு கலைவிழா யார் யாரால் உண்டாயிற்று என்பதைக் குறித்து, அவ்விழாவை நடத்தியவர்களே தம் வாயால் தரும் வாக்குமூலம் அந்த நன்றியுரைதான். ஆகவே அதனையும் ஓர் இலக்கிய வடிவமாகக் கொண்டு, திறனாய்வின் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது தகும் என்று எண்ணுகின்றேன்.

இவ்வெண்ணம் எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பல்கலைக்கழகமொன்றின் கலைவிழாவுக்குச் சென்றிருந்தேன். மாணவர் ஒரு கூத்தை ஆடினர். செம்மையாகவே ஆடினர். அவர்களைப் பழக்கிய அண்ணாவியார் எழுபது வயதைத் தாண்டியவர். மேடையின் ஓரத்தில், திரைச்சீலை பாதி மறைக்கும் இடத்தில் அமர்ந்து மத்தளம் வாசித்தார். நன்றியுரை ஏறத்தாழப் பத்து நிமிடம் நீடித்தது. பிரதம விருந்தினர் முதல் ஒலிபெருக்கி தந்தவர் வரை அனைவரும் நினைவுகூரப்பட்டனர். அண்ணாவியாரின் பெயர் வரவில்லை. அவரோ அதனைக் கவனித்ததாகவும் தோன்றவில்லை. மத்தளத்தைப் பழைய வேட்டியொன்றில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். அருகிற் சென்று வணங்கினேன். ஊருக்குப் போகும் கடைசி பஸ் இன்னும் நிற்குமா என்பது ஒன்றையே அவர் என்னிடம் கேட்டார்.

அதனை ஒரு குற்றச்சாட்டாக இங்கே எழுதவில்லை. அன்று நன்றி கூறிய மாணவர் நல்லவர். அண்ணாவியாரை அவமதிக்கும் எண்ணம் அவருக்குக் கனவிலும் இருந்திராது. அவர் கற்றிருந்த நன்றியுரையின் வடிவத்தில் அண்ணாவியாருக்கு இடம் இல்லை. குறை அவ்வடிவத்திலேயே இருக்கின்றது. விமர்சனத்துக்கு உரியதும் அதுவே.

நன்றியுரையின் இலக்கணம்

நம் விழாக்களில் வழங்கும் நன்றியுரைக்கு எழுதப்படாத ஓர் இலக்கணம் உண்டு. முதலில் பதவி, பின்னர் பணம், அதன் பின்னர் பொருள், இறுதியில் உழைப்பு. பிரதம விருந்தினர் வருகை தந்து சிறப்பித்தார். துணைவேந்தர் அனுமதி வழங்கி ஊக்குவித்தார். பீடாதிபதி ஆலோசனை நல்கினார். வணிகப் பெருமக்கள் விழா மலருக்கு விளம்பரம் தந்து உதவினர். அச்சகத்தார் குறித்த காலத்தில் அச்சிட்டனர். ஒலி, ஒளி அமைத்தோர், சிற்றுண்டி வழங்கியோர் வரிசையாக வருவர். ஒவ்வொருவருக்கும் நிலையான ஒரு வினைச்சொல் உண்டு. பெயரை மாற்றினால் அடுத்த ஆண்டு விழாவுக்கும் அதே உரை போதும்.

இவ்வுரையின் இறுதி வாக்கியம் ஆய்வுக்குரியது. பெயர் குறிப்பிட மறந்த அனைவருக்கும் நன்றி என்று எல்லோரும் முடிக்கின்றனர். எழுதிவைத்து வாசிக்கும் உரையில், மறந்தவர் உண்டு என்பது முன்னரே எழுதப்பட்டிருக்கின்றது! மறதி தற்செயலாய் நேர்ந்ததன்று. வடிவத்தின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது. அந்த ஒரே வாக்கியத்துக்குள் எத்தனை பேர் அடங்குகின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். களரிக்கு வெள்ளை கட்டியவர், உடுப்பு முடித்துக் கட்டியவர், ஒத்திகை நாட்களில் சமைத்துப் போட்ட தாய், ஏடு பார்த்துச் சொல்லடி எடுத்துக் கொடுத்தவர், ஆட்டம் பழக்கியவர். சாதியாலோ, வறுமையாலோ, கல்விச் சான்றிதழ் இன்மையாலோ சமூகம் எவரைப் பெயர் சொல்லி அழைக்கப் பழகவில்லையோ, அவர்களே பெரும்பாலும் அந்த வாக்கியத்துக்குள் ஒதுங்குகின்றனர். பெயரை மறப்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கின்றது என்பது வருந்தத்தக்க உண்மை.

பாயிரம் கற்பிக்கும் அளவுகோல்

அவ்வாறாயின் நல்ல நன்றியுரை எத்தகையது? அதற்கான அளவுகோலைப் பிறநாட்டிற் சென்று தேட வேண்டுவதில்லை. தமிழ் மரபில் நூலின் முகப்பில் நிற்கும் பாயிரமே அது. நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்குப் பதினொரு செய்திகளை வகுக்கின்றது. நூலை ஆக்கியவர் யார், அது எந்த வழியில் வந்தது, வழங்கும் எல்லை எது, பெயர் என்ன, யாப்பு என்ன, பொருள் என்ன, கேட்போர் யாவர், பயன் யாது என்ற எட்டோடு, காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்க்கின்றது. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் தந்த பாயிரமும் அரங்கேறிய பாண்டியன் அவையையும், குற்றங்களைந்து கேட்ட அதங்கோட்டாசானையும் மறவாமற் கூறுகின்றது.

இவற்றுள் நம் நன்றியுரைகள் காலத்தையும் களத்தையும் காரணத்தையும் நன்றாகவே கூறுகின்றன. மண்டபம் தந்தவருக்கு நன்றி, நாள் ஒதுக்கியவருக்கு நன்றி, பொருளுதவி செய்தவருக்கு நன்றி. விடுபட்டுப் போவது 'வழி' என்னும் உறுப்பு ஒன்றே. இக்கலை எவரிடமிருந்து எவர் கைப்பட்டு நம்மிடம் வந்தது? இந்த வினாவுக்கு விடை கூறாத நன்றியுரை எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாயிரமாகாது. வரவுக் கணக்கு மட்டுமே ஆகும்.

நன்னூல் இன்னொன்றும் சொல்லுகின்றது. நூலாசிரியன் தானே தன் பாயிரத்தைப் பாடிக்கொள்ளுதல் தகாது. அவனுடைய ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, தகுதிவாய்ந்த உரைகாரனோ பாட வேண்டும். தன்னைப் புகழ்தலைத் தவிர்ப்பதற்கான ஏற்பாடு அது. நன்றியுரையோ விழா எடுத்தவர்களே கூறுவது. ஆதலால் தம் பெருமையைப் பிறர் பெயர்களால் அடுக்கிக் காட்டும் ஆபத்து அதில் எப்போதும் உண்டு.

அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் இந்தக் கலையை எவ்வாறு கையாளுகின்றார் என்று பாருங்கள். மாதவி ஆடப் போகின்றாள். ஏழாண்டுகள் பயின்றவள். அவளை அரங்கில் நிறுத்துமுன் அடிகள் ஒரு வரிசையை நம் கண்முன் நிறுத்துகின்றார்: ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடலாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன். ஒவ்வொருவரும் எதனை அறிந்தவர் என்பதையும் விரிக்கின்றார். தண்ணுமைக்காரன் பிற கருவிகளில் குறைந்ததை நிரப்பவும் மிகுந்ததை அடக்கவும் தெரிந்தவன் என்று கூறும்போது, அக்கலையின் நுட்பமே புலனாகின்றது. அரங்கின் அளவு சொல்லப்படுகின்றது. திரைகள் மூன்றும் சொல்லப்படுகின்றன. தூண்களின் நிழல் ஆடுபவள்மீதோ அவைமீதோ விழாதவாறு விளக்கு வைத்த செயல்கூட விடப்படவில்லை. அதன் பின்னரே ஆட்டம். அதன் பின்னரே மன்னன் தந்த ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்.

வியப்பு என்னவெனில், அந்த ஆசிரியர்களுள் ஒருவருக்கேனும் அடிகள் பெயர் தரவில்லை. பெயர் தராமலே திறனைக் கூறினார். நாமோ திறனைக் கூறாமற் பெயர்களை மட்டும் அடுக்குகின்றோம். இவ்விரண்டனுள் அடிகளின் முறையே கலைஞனை மதிக்கும் முறை. எனினும், பெயரும் திறனும் ஒருங்கே சொல்லப்படுவது அதனினும் நிறைவானது. கம்பர் தம்மைப் புரந்த சடையப்ப வள்ளலை நூறு பாடலுக்கு ஒருமுறை போற்ற விரும்பினார் என்றும், அவையினர் ஆயிரத்துக்கு ஒருமுறை போதும் என்றனர் என்றும் ஒரு செவிவழிக் கதை உண்டு. பொருள் தந்தவருக்கு நன்றி வேண்டும். அது அளவோடும் இருக்க வேண்டும் என்பது அக்கதையின் உட்கிடை.

பேராதனையில் நிகழ்ந்தது

இந்த அளவுகோலைக் கையிலேந்தி, இலங்கைப் பல்கலைக்கழகக் கலை வரலாற்றின் புகழ்பெற்ற ஓர் அத்தியாயத்தை நோக்குவோம். 1956ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் 'மனமே' என்னும் சிங்கள நாடகம் மேடையேறியது. எழுதி நெறிப்படுத்தியவர் பேராதனையில் ஆசிரியராக விளங்கிய எதிரிவீர சரச்சந்திர. நடித்தவர்கள் பல்கலைக்கழக மாணவர். ஜாதகக் கதையொன்றைத் தழுவிய அந்நாடகம் சிங்கள நாடகத்துக்கு ஒரு புதிய திசையைக் காட்டிற்று என்பது அனைவரும் ஒப்பிய உண்மை.

அந்நாடகத்தின் வழி எது? 'நாடகம்' என்றே சிங்களத்தில் வழங்கும் கிராமிய அரங்கு அது. நாட்டுக்கூத்திலிருந்து, பெரிதும் கத்தோலிக்கக் கரையோர ஊர்களின் வாயிலாக, அம்மரபு சிங்களத்துக்குச் சென்றது என்பது ஆய்வாளர் கொள்கை. அம்மரபின் பழைய நாடகங்களுள் மூவரசர் கதையும் உண்டு. சரச்சந்திர தம் ஆய்வினால் அம்மரபை நன்கறிந்தவர். ஆயினும், ஆய்வாளர் அறிந்தது மாணவரின் குரலிலும் காலிலும் ஏற வேண்டுமே! அம்மரபில் ஊறிய சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்னும் மூத்த கலைஞர் இசையைக் கற்பித்தார். இன்று பேராதனைத் திறந்தவெளி அரங்கு சரச்சந்திரவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அது தகும். ஆனால் குருன்னான்சேயின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

'மனமே' தந்த தூண்டுதலை அதே வளாகத்தில் தமிழ்ப்பணி ஆற்றிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஏற்றுக்கொண்டார். படித்தவர்கள் கூத்தை நாட்டுப்புறத்தார் கும்மாளம் என்று ஒதுக்கியிருந்த காலம் அது. கூத்தாடி என்பது வசைச்சொல்லாகவே வழங்கிற்று. அக்காலத்தில், பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', அதனைத் தொடர்ந்து 'இராவணேசன்', 1967இல் 'வாலி வதை' எனக் கூத்துகளை அவர் மேடையேற்றினார். விடியும்வரை ஆடப்படும் கூத்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கப்பட்டது; ஆட்டத்துக்கு ஒழுங்கும் நடிப்புக்கு அழுத்தமும் தரப்பட்டன. வழக்கறிஞரும் மருத்துவரும் அலுவலரும் சீட்டு வாங்கி அமர்ந்து கூத்துப் பார்த்தனர்.

இங்கும் வழி உண்டு. மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியார் பேராதனைக்கு வரவழைக்கப்பட்டார். அவருள் முதலாகக் கூறத்தக்கவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். குளிர்ந்த மலைநாட்டு வளாகத்தில், ஆங்கிலம் பேசிப் பழகிய மாணவர் நடுவே, வேட்டியும் சால்வையுமாக ஓர் அண்ணாவியார் நின்று தாளக்கட்டுச் சொல்லிக் கொடுப்பதை மனக்கண்ணால் நோக்குங்கள். பட்டம் பெறப் போகின்றவர்கள் மாணாக்கராக நிற்க, பட்டம் இல்லாதவர் ஆசானாக நின்றார். தமிழ்ப் பல்கலைக்கழக வாழ்வில் அது சிறிய நிகழ்ச்சியன்று.

அண்ணாவியார் கொண்டுவந்தது என்ன? மத்தளம் மட்டுமன்று. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உரிய வரவுத் தாளம் அவர் நினைவில் இருந்தது. அரசனின் வரவு வேறு, அமைச்சனின் வரவு வேறு, பெண் பாத்திரத்தின் வரவு வேறு. கூத்து முழுவதும், நூற்றுக்கணக்கான பாடல்களும் மெட்டுகளும், அவர் நெஞ்சிலிருந்து எழுந்தன. ஆட்டக்காரன் மூச்சு வாங்குவதை மத்தளத்தால் மூடவும், தளர்பவனைத் தாளத்தால் தூக்கி நிறுத்தவும் அவர் அறிந்திருந்தார். இளங்கோவடிகள் தண்ணுமைக்காரனைப் பற்றிச் சொன்ன அதே திறன்! இத்தனையும் அவருக்கு நூலால் வந்ததன்று. அவருடைய அண்ணாவியாரால் வந்தது. அவருக்கு அவருடைய அண்ணாவியாரால்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு

இவ்விடத்தில் திறனாய்வாளன் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். மட்டக்களப்பில் கூத்து வட்டக்களரியில் ஆடப்படுவது. வட்டமாக அமைத்த களரியைச் சூழ நாற்புறமும் மக்கள் அமர்ந்திருப்பர். களரியின் நடுவே மத்தளத்தோடு அண்ணாவியார் நிற்பார்; தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் அவர் அருகே நிற்பர். ஆட்டக்காரர் அவரைச் சுற்றியே ஆடுவர். எவ்விடத்திலிருந்து நோக்கினும், விடியும்வரை, அண்ணாவியார் கண்ணிற் படாமல் ஆட்டத்தைக் காண இயலாது. வட்டக்களரியின் அமைப்பே ஒரு நன்றியுரை. ஆடுபவன் எந்த மையத்திலிருந்து ஆட்டத்தைப் பெற்றான் என்பதை அவ்வட்டம் இரவு முழுவதும் சொல்லிக்கொண்டே இருக்கின்றது. அவர் பெயரைத் தனியே உரைக்க அங்கு எவருக்கும் தேவை நேரவில்லை.

கூத்து படச்சட்ட மேடைக்கு வந்தபோது ஒரே பக்கத்திலிருந்து பார்க்கும் முறை வந்தது. நடுவிடம் நடிகனுக்கு உரியதாயிற்று. அண்ணாவியாரும் மத்தளமும் ஓரத்துக்கு நகர்ந்தன. இது எவருடைய சதியுமன்று. மேடையின் வடிவம் விதித்த கட்டாயம். ஆனால் அன்றுதொட்டு, அரங்கு சொல்லிவந்த நன்றியை இனி நா சொல்லியாக வேண்டும் என்ற கடமை பிறந்துவிட்டது. நம் பல்கலைக்கழக விழாக்கள் படச்சட்ட மேடையை ஏற்றுக்கொண்டன. அது சுமத்திய கடமையை ஏற்க மறந்தன. முன்னர் நான் கூறிய கலைவிழாவில் நிகழ்ந்தது இதுவே.

ஊரில் நன்றி எவ்வாறு செலுத்தப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். கூத்துப் பழகுதல் பல மாதங்கள் நீளும். ஊர்ப் பெரியோர் முன்னிலையில் சட்டங் கொடுத்துப் பாத்திரங்களைப் பங்கிடுவர்; பின்னர் சதங்கை அணியும் நாள்; பின்னர் அடுக்குப் பார்த்தல்; பின்னர் அரங்கேற்றம். அரங்கேற்றத்தோடும் முடிவதில்லை. வீட்டுக்கு வீடு சென்று ஆடுவர். பார்க்க வர இயலாத முதியவர் முற்றத்துக்கே கூத்துச் செல்லும். ஊர் கூத்துக்குத் தந்தது. கூத்து ஊருக்குத் திரும்பித் தந்தது. நன்றி அங்கே ஒரு சொல்லாகச் சுருங்கவில்லை. நடந்து சென்று வாசலில் நின்றது.

வித்தியானந்தனின் முயற்சியை இந்த ஒளியில் எவ்வாறு மதிப்பிடுவது? மாணவர் ஆடிய சுருங்கிய கூத்து, ஊர்க்கூத்தின் சமூக உயிர்ப்பை இழந்து காட்சிப்பொருளாயிற்று என்று பிற்காலத்தார் சிலர் குறை கூறினர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. விடியும்வரை ஊரைக் கூட்டிவைத்த ஒன்று, மாலையில் தொடங்கி இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடிவது வேறொரு பொருளே. ஆயினும், அவர் செய்ததை மேடையோடு நிறுத்தி மதிப்பிடுதல் நீதியன்று. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவின் தலைவராக அவர் ஊரூராகச் சென்றார். கூத்துப் போட்டிகளை நடத்தினார். அண்ணாவியாரை ஒன்றுகூட்டி மதிப்பளித்தார். அதனினும் மேலாக, ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தார்.

பதிப்புப் பணியே அவர் கூறிய நன்றியுரைகளுள் சிறந்தது என்பேன். 1962இல் மட்டக்களப்பின் 'அலங்கார ரூபன் நாடகம்' வந்தது. அதன்பின் அவர் பார்வை மன்னாருக்குத் திரும்பிற்று. 1964இல் 'என்றிக்கு எம்பரதோர் நாடகம்', 1966இல் 'மூவிராசர் நாடகம்', 1967இல் 'ஞானசவுந்தரி நாடகம்' என மூன்று கத்தோலிக்கக் கூத்துகள் அச்சேறின. எம்பரதோர் என்னும் சொல்லிலேயே போர்த்துக்கீசர் காலத்துப் பேரரசன் ஒருவன் தமிழ் வேடமிட்டு நிற்கின்றான். மூவிராசர் பாலனைத் தேடி வந்த கதையை மன்னார்க் கரையின் மீனவரும் உழவரும் தலைமுறை தலைமுறையாக ஆடி வந்தனர். கத்தோலிக்கரல்லாத ஒரு பேராசிரியர் அவற்றைத் தேடி வந்து, தமிழ் இலக்கியம் என்று மதித்து, பல்கலைக்கழகத் தமிழறிவைக் கொண்டு பதிப்பித்தார். இதற்கு நாம் கூறிய நன்றி என்ன என்பதையும், வாசகர்களே, நம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏனெனில் மறதியில் பல்கலைக்கழகங்கள் மட்டும் குற்றவாளிகள் அல்ல. இக்கூத்து ஏடுகளைக் காத்தவர்கள் யாவர்? கறையானுக்கும் கடற்காற்றுக்கும் தப்பும்படி பெட்டியில் வைத்துப் பூட்டிப் பேணிய குடும்பத்தார். இற்றுப்போன தாளைப் பார்த்துப் புதிய கொப்பியில் எழுதி வைத்த அரைகுறை எழுத்தறிவுடையோர். திருநாள் தோறும் களரி அமைத்த பங்கு மக்கள். நம் பங்குகளில் திருநாள் மலர்கள் வெளிவருகின்றன. குருக்களின் நிழற்படங்களும் நன்கொடையாளரின் பட்டியலும் அவற்றில் உண்டு. அப்பங்கின் அண்ணாவியார் வரிசை எத்தனை மலர்களில் அச்சிடப்பட்டிருக்கின்றது? இந்த வினாவை எழுதும் எனக்கும் அதில் பங்குண்டு. மலருக்கு முன்னுரை எழுதியவன் நான்.

வழிக்கு வழி திரும்புதல்

வந்தாறுமூலை என்னும் ஊரை மீண்டும் நினைவுகூர்கின்றேன். 1960களில் அவ்வூர் அண்ணாவியார் பல்கலைக்கழகத்தைத் தேடி மலையேறிச் செல்ல வேண்டியிருந்தது. 1981இல் அதே வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அண்ணாவியாரைத் தேடிப் பல்கலைக்கழகமே அவர் ஊருக்கு வந்துவிட்டது எனலாம்! பேராதனைக் கூத்துகளில் மாணவராக ஆடிய சி. மௌனகுரு பின்னர் அங்கே பேராசிரியராக விளங்கினார். மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து 1998இல் நூலாக வெளியிட்டார். சட்டங் கொடுத்தல் முதல் வீட்டுக்கு வீடு ஆடுதல் வரை அண்ணாவியார் அறிந்தவற்றை அவ்வாய்வு முறையாகப் பதிவு செய்தது. கற்றவன் தன் ஆசானின் அறிவை அறிவென்றே எழுதிவைப்பது நன்றியின் உயர்ந்த வகை.

அதன்பின் வேறொரு முறையும் எழுந்தது. சி. ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' நண்பர்களும் 2000களில் மட்டக்களப்புச் சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கம் என்ற பணியை மேற்கொண்டனர். அவர்கள் கூத்தை ஊரிலிருந்து மேடைக்குக் கொண்டுவரவில்லை. பல்கலைக்கழகத்தாரே ஊர்க் களரிக்குச் சென்று, அண்ணாவியாரோடும் ஊராரோடும் உரையாடி, அங்கேயே கூத்தைப் புதுக்க முனைந்தனர். இம்முறைகள் இரண்டனுள் எது சிறந்தது என்ற வாதம் நடந்திருக்கின்றது. எனக்கோ அவை ஒரே கடனை இருவேறு காசில் திருப்பிக் கொடுத்தல் போலத் தோன்றுகின்றன. ஒருவர் எழுத்தாக்கித் தந்தார். மற்றவர் ஊருக்கே நடந்து சென்றார். கடன் இருப்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

அக்கடனை அறியாமையே நம் பொது விழாக்களின் குறை. ஆகவே நன்றியுரை எழுதும் இளைஞர்களுக்கு, திறனாய்வின் முடிவாகச் சிலவற்றை உரைக்க விழைகின்றேன்.

முதலாவதாக, வழியைக் கூறுங்கள். மண்டபம் தந்தவருக்கு முன்னர் கலையைத் தந்தவரைக் கூறுங்கள். அவர் யாரிடம் கற்றார் என்பதையும் அவரிடமே கேட்டறிந்து கூறுங்கள். அந்த ஒரு வினாவைக் கேட்பதற்காக நீங்கள் அவர் வீட்டுத் திண்ணையில் அமர வேண்டியிருக்கும். நன்றி அத்திண்ணையிலேயே தொடங்கிவிடும்.

இரண்டாவதாக, பெயரோடு திறனையும் கூறுங்கள். உதவினார், சிறப்பித்தார், நல்கினார் என்னும் பொதுச் சொற்களை விடுத்து, அவர் செய்தது இன்னது என்று கூறுங்கள். விளக்கு வைத்தவர் தூண் நிழல் விழாமல் வைத்தார் என்று சொல்லும் அளவுக்கு அவர் தொழிலை அறிந்திருங்கள்.

மூன்றாவதாக, நன்றியுரையை இறுதியிலேயே வைக்க வேண்டும் என்று விதி இல்லை. பாயிரம் நூலின் முன் நிற்பது. அடிகளும் ஆசிரியர்களைக் கூறிய பின்னரே மாதவியை ஆடவிட்டார். அவை முழுமையாக அமர்ந்திருக்கும் வேளையில், ஆட்டத்துக்கு முன்னர், ஆசானை நடுமேடைக்கு அழையுங்கள். வட்டக்களரியில் அவருக்கு இருந்த இடம் சில நிமிடங்களேனும் அவருக்குத் திரும்பக் கிடைக்கட்டும்.

நான்காவதாக, பொன்னாடையோடு நிறுத்தாதீர்கள். ஊரிலிருந்து எடுத்து வந்த கூத்தை மறுபடியும் அவ்வூரில் ஒருமுறை ஆடிக் காட்டுங்கள். அவ்வூரார் பார்த்துக் குறை சொல்லட்டும். வீட்டுக்கு வீடு சென்று ஆடிய மரபு நமக்குக் கற்பித்த நன்றி அதுவே.

பெயர் குறிப்பிட மறந்தவர்கள் என்னும் இறுதி வாக்கியத்தை முற்றாக நீக்கிவிட முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான். மனித நினைவு சிறியது. எனினும், அவ்வாக்கியத்தை எழுதுமுன் ஒரு நாள் முழுவதும் செலவிட்டு, அதற்குள் ஒளிந்திருப்பவர் யாவர் என்று தேடுவது முடியும். தேடிய பின் எழுதப்படும் அவ்வாக்கியத்துக்கும் தேடாமல் எழுதப்படும் அதே வாக்கியத்துக்கும் சொல்லில் வேறுபாடு இராது. பொருளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கும்.

அன்றிரவு அந்த அண்ணாவியாரை என்னோடு வந்த நண்பரின் வண்டியில் பஸ் நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். கடைசி பஸ் நின்றுகொண்டிருந்தது. மத்தளத்தை மடியில் வைத்து ஓர் இருக்கையில் அமர்ந்தார். அவரிடம் கற்ற மாணவர் மூவர் எமக்கு முன்னரே அங்கு வந்து நின்றனர். நன்றியுரை முடியுமுன்னரே புறப்பட்டு, சைக்கிளில் விரைந்து வந்திருந்தனர். வேடத்தின் அரிதாரம்கூட முழுமையாகக் கலையவில்லை. பஸ்ஸினுள் ஏறி, நெருக்கத்துக்கு நடுவே குனிந்து, அவர் காலைத் தொட்டு வணங்கினர். அவர் ஒருவன் தலையிற் கைவைத்து, இரண்டாம் வரவில் அவன் தாளம் தப்பியதை எடுத்துச் சொன்னார். அன்றைய விழாவின் நன்றியுரையை நான் அங்கேதான் கேட்டேன்.